எண் ஒன்று, பெயர் இல்லை

ஓய்வு பெற்ற பிறகும் மாதம் ஒரு முறை நான் அலுவலகம் வந்து உங்களோடு உட்காருகிறேன். போன முறை வந்தபோது உங்களில் ஒருவர் என்னை வாசலில் நிறுத்திக் கேட்டார். திரையை இயக்கும் ஏதோ ஒரு டிரைவர் மென்பொருளைக் கணினியிலிருந்து இறக்கப் பார்த்தாராம். 'பயன்பாட்டில் இருக்கிறது' என்று இயங்குதளத்தின் மையமான கெர்னல் மறுத்துவிட்டதாம். யார் பயன்படுத்துகிறார்கள் என்று தேடினால் யாரையும் காணவில்லையாம். "யாருமே இல்லையே மேடம். ஃபோர்ஸ் போட்டு எடுத்துடலாமா?"

நான் பதில் சொல்லாமல் டீக்கடைப் பக்கம் போய்விட்டேன். கிழவிக்குத் தெரியவில்லை என்று அவர் நினைத்திருக்கலாம். அதே கேள்வியை ஒரு நாள் நான் என்னையே கேட்டுக்கொண்டு, 'எடுத்துடலாம்' என்று எனக்கே பதிலும் சொல்லிக்கொண்டவள். அன்று நடந்ததை வாசலில் நின்று சொல்ல முடியாது. அதனால் எழுதித் தருகிறேன். எந்தக் கட்டளையை எப்படி அடிப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ராயபுரத்தில், படகு எஞ்சின் உதிரிபாகம் விற்கும் கடைக்கு மேல் மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். மொத்தம் ஆறு பேர். தொழிற்சாலைகளின் கட்டுப்பாட்டு அறைகளில் இருக்கும் கணினிகளைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் கழிமுகத்துக்குச் சற்று முன்னால் இருந்த ஓர் எண்ணெய்த் தொட்டி வளாகம் என் பொறுப்பில் இருந்தது. கப்பலில் வரும் எண்ணெய் குழாய் வழியாக அங்கே வந்து தொட்டிகளில் ஏறும்.

அங்கிருந்த கட்டுப்பாட்டு அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரே ஒரு பெரிய திரை. தொட்டிகள் எல்லாம் அதில் படமாக வரையப்பட்டிருக்கும். எந்தத் தொட்டியில் எத்தனை மீட்டர் எண்ணெய் நிற்கிறது என்று பக்கத்திலேயே எண் ஓடும். காலை ஷிப்டில் அந்தத் திரைக்கு முன்னால் உட்காருபவர் ஜெபமணி. அவருடைய அப்பா நாசரேத் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மளிகைக் கடை வைத்தவர். ஜெபமணி பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் அவரே எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

"மேடம், திரை நின்னுடுது. ஆனா நின்னதே தெரிய மாட்டேங்குது."

நேரில் போனபோது விவரமாகச் சொன்னார். அன்று காலை கப்பலிலிருந்து எண்ணெய் ஏறிக்கொண்டிருந்தது. நான்காம் தொட்டி ஆறு மீட்டர் இருபது என்று திரை காட்டியது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு தொட்டிக்கு மேலே ஏறி அளந்தவர் வாக்கி டாக்கியில் வேறோர் அளவைச் சொன்னார். கிட்டத்தட்ட ஒரு மீட்டர் அதிகம்.

"சிவப்பு விளக்கு எரியல, எதுவும் கத்தல. எல்லாம் பச்சையா, அழகா இருந்துச்சு மேடம். செத்தவங்க முகத்தப் பாத்த மாதிரி. கண்ணு தெறந்திருக்கு, ஆனா பாக்கல."

இது ஏன் நடக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். திரைக்குப் படம் அனுப்பும் அட்டையில் அதற்கென்று தனி நினைவகம் உண்டு. கடைசியாக அதில் எந்தப் படம் எழுதப்பட்டதோ அதையே அட்டை திரும்பத் திரும்ப மானிட்டருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அட்டையை இயக்கும் டிரைவர் செத்துப் போனாலும் படம் போகாது. அணைந்து போனால் யாராவது கவனித்துவிடுவார்கள். கடைசிப் படம் அப்படியே நின்றால், பார்ப்பவருக்கு எல்லாம் நலமாக இருப்பதாகவே தோன்றும்.

கோளாறு பழைய டிரைவரில் இருந்தது. புதிய டிரைவரை நான் அலுவலகத்தில் சோதித்து வைத்திருந்தேன். பழையதை இறக்கிவிட்டுப் புதியதை ஏற்ற வேண்டும். கணினியை அணைத்துப் போட்டால் சுலபமாக முடிந்துவிடும். ஆனால் தொட்டிகளின் அளவைப் பதிவு செய்வதும் அபாய மணி அடிப்பதும் அதே கணினிதான். அதை அணைக்க நிர்வாகம் ஒப்பவில்லை. ஓடும்போதே மாற்றச் சொன்னார்கள்.

மாற்றுவதற்காக நான் போன நாளில் கப்பல் ஒன்று துறையில் கட்டியிருந்தது. இன்னும் முக்கால் மணி நேரத்தில் எண்ணெய் ஏறத் தொடங்கும். அதற்குள் முடிக்க வேண்டும்.

கெர்னலில் ஒரு மாட்யூல், டிரைவர் மாதிரியான ஒரு துண்டு, இன்னொன்றின் மேல் நிற்கும். துறைமுகத்தில் கன்டெய்னர் அடுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். மேலே இருப்பதை இறக்காமல் அடியில் இருப்பதை உருவ முடியாது. முதலில் படம் வரையும் நிரலை நிறுத்தினேன். பெரிய திரை கறுத்தது. தொட்டிப் பக்கம் கையால் அளக்க ஆள் நின்றிருந்ததால் ஜெபமணி பதறவில்லை. அடுத்து, அட்டையின் டிரைவரை இறக்கச் சொன்னேன். கெர்னல் மறுத்தது.

பட்டியலைப் பார்த்தேன். ஒவ்வொரு மாட்யூலையும் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று அதில் எண் இருக்கும். பிடித்திருப்பது இன்னொரு மாட்யூல் என்றால் பக்கத்தில் அதன் பெயரும் வரும். டிரைவருக்கு நேரே ஒன்று என்று இருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடம் காலி.

ஓடிக்கொண்டிருந்த நிரல்களில் ஏதாவது அந்த அட்டையைத் திறந்து வைத்திருக்கிறதா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. மறுபடி தேடினேன். ஒன்றும் இல்லை. பட்டியலில் அந்த ஒன்று மட்டும் அப்படியே நின்றது.

கணினியின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். அட்டையில் மானிட்டருக்கு இரண்டு வாய்கள் இருந்தன. ஒன்றிலிருந்து பெரிய திரைக்குக் கம்பி போனது. இரண்டாவதிலிருந்து தடித்த கறுப்புக் கம்பி ஒன்று சுவர் ஓட்டைக்குள் நுழைந்து மறைந்திருந்தது. அதன்மேல் காகித டேப் சுற்றி, பேனாவால் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தது. 'எடுக்காதே.' எனக்கு முன்னால் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்ட பொறியாளரின் கையெழுத்து அது; பழைய குறிப்பேடுகளில் பார்த்திருக்கிறேன். நான் சேர்வதற்கு முன்பே அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவரை நான் பார்த்ததில்லை.

"இது எங்க போகுது ஜெபமணி?"

"பழைய பம்ப் ரூமுக்கு மேடம். அது பூட்டி நாலு வருசம் ஆச்சு. அங்க யாரும் இல்ல."

"ஏன் பூட்டினாங்க?"

"தணிகாசலம்னு ஒரு அண்ணன் அங்கதான் ட்யூட்டி பாப்பாரு. ரூமுக்குப் பின்னால வால்வுக் குழி ஒண்ணு இருக்கு. அதுல எறங்கினவரு மேல வரல. உள்ள விஷ கேஸு. அப்பறம் பூட்டிட்டாங்க."

அந்தக் குழியில் வாயுவை அளக்கும் கருவி ஒன்று இருந்ததும், அறையை மூடியபோது அதன் எண்ணைப் பெரிய திரையிலிருந்து நீக்கிவிட்டதும் எனக்குத் தெரியும். வரைபடத்தில் அந்த அறை கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. இரண்டாவது மானிட்டர் பற்றி எந்தக் காகிதத்திலும் இல்லை.

மேஜைமேல் தொலைபேசி அடித்தது. மேலாளர். "முடிஞ்சுதா? கப்பல்ல அவசரப்படுத்துறாங்க."

"ஒரு சின்ன சந்தேகம் சார். யாரோ பிடிச்சிருக்கிற மாதிரி காட்டுது."

"யார் பிடிச்சிருக்கா?"

"யாரும் இல்ல சார்."

"யாரும் இல்லன்னா அப்பறம் என்னம்மா?"

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே அப்போது பட்டது. அந்தக் கம்பியைப் பின்தொடர்ந்து போயிருந்தால் முற்றத்தைத் தாண்ட ஐந்து நிமிடம், திரும்பி வர ஐந்து நிமிடம். கடிகாரத்தைப் பார்த்தேன். பழைய டிரைவர்களில் எண்ணிக்கை தவறிப்போவது உண்டு, இதுவும் அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டேன். வலுக்கட்டாயமாக இறக்கும் கட்டளையை அடித்து எண்டரைத் தட்டினேன்.

கணினி விழுந்துவிடும் என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. விழவில்லை. எந்தப் புகாரும் வரவில்லை. புதிய டிரைவரை ஏற்றினேன். பெரிய திரை பளிச்சென்று வந்தது. தொட்டிகள், எண்கள், எல்லாம் ஓடின. ஜெபமணி முதன்முறையாகச் சிரித்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

சுவரில் பழைய இன்டர்காம் பெட்டி ஒன்று இருந்தது. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு சின்ன விளக்கு, கீழே பெயர்ச்சீட்டு. நான் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது அது இரையத் தொடங்கியது. ஜெபமணி எடுக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து நின்றிருந்தார். எரிந்துகொண்டிருந்த விளக்கின் கீழே, மஞ்சளாகிப்போன சீட்டில், 'பழைய பம்ப் ரூம்' என்று இருந்தது.

"எடுங்க ஜெபமணி."

"தணிகாசலம் அண்ணன் ரூம் மேடம் அது."

பகல் பன்னிரண்டு மணி. வெளியே வெயில் கொளுத்தியது. நான்தான் போய் எடுத்தேன்.

முதலில் மூச்சு வாங்கும் சத்தம். பிறகு ஒரு குரல், தாழ்வாக.

"நம்பரு நின்னு பூட்ச்சு."

"யாரு பேசுறது?"

"நம்பரு நின்னு பூட்ச்சு. அத்த யாரு நிறுத்தனது?"

அதற்குமேல் பேச்சு இல்லை. ரிசீவர் எதிலோ மோதும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தூரத்தில், வெட்டவெளியில், யாரோ ஒருவர் இன்னொருவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது. "பாபு... டேய் பாபு..." பதில் வந்ததாகத் தெரியவில்லை.

நான் ஓடினேன். ஜெபமணி கப்பலிடம் எண்ணெயை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டு, ஆம்புலன்ஸுக்கும் சொல்லிவிட்டு, என் பின்னால் வந்தார். பக்கத்து அனல் மின் நிலையத்திலிருந்து வரும் சாம்பல் முற்றம் முழுவதும் படிந்திருக்கும். பழைய பம்ப் அறைப் பக்கம் யாரும் போவதில்லை என்றுதான் எல்லாரும் சொல்லியிருந்தார்கள். அந்தச் சாம்பலில் காலடித் தடங்கள் இருந்தன. போகவும் வரவும், ஒரே பாதையில், பல நாள் தடங்கள்.

முன்கதவில் பூட்டுத் தொங்கியது. துருவேறி ஒட்டிப்போன பூட்டு. அழுக்குக் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தேன். நாலு வருடமாகப் பூட்டிக் கிடந்த அறைக்குள் ஒரு மானிட்டர் எரிந்துகொண்டிருந்தது. முன்னால் ஒரு நாற்காலி. அதன் முதுகில் துண்டு. சுவரோரம் இன்டர்காம் ரிசீவர் கம்பியில் தொங்கி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. நாற்காலியில் ஆள் இல்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே வரி. 'குழி: 3.2'.

அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நிரல் எதுவும் அட்டையைத் திறக்கவில்லை. கெர்னலே, தன் எழுத்துத் திரையை இரண்டாவது மானிட்டரில் காட்டுவதற்காக, அந்த டிரைவரைப் பிடித்திருந்தது. நிரல்களின் பட்டியலில் தேடினால் அது எப்படித் தெரியும்? அந்த ஒன்று, இந்த அறை. நான் பிடுங்கியதும் எழுதும் வேலை நின்றுவிட்டது. கடைசியாக எழுதிய எண் மட்டும், ஆள் இறங்கலாம் என்று சொல்லும் சின்ன எண், சாந்தமாக எரிந்துகொண்டிருந்தது.

"மேடம், பின்பக்கம்," என்றார் ஜெபமணி.

அறையின் பின்சுவரில் கதவே இல்லை, வெறும் நிலைதான். அதைத் தாண்டி வால்வுக் குழி. இரண்டு பேர் காலை உதைத்துக்கொண்டு ஒரு கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இளைஞர். முகமெல்லாம் வியர்த்து இருமிக்கொண்டிருந்தார். சற்று முன்தான் குழியிலிருந்து தானே ஏறி வந்திருந்தார். இன்னொருவருக்கு ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, தலையில் முண்டாசு. அவர் பெயர் ஏழுமலை என்று பிறகு தெரிந்தது. குழியில் அடைத்த கசடை வாரும் ஒப்பந்தக் கூலிகளுக்கு மேஸ்திரி. வளாகத்தின் ஆள் பட்டியலில் அவர்கள் யார் பெயரும் கிடையாது.

நாங்கள் இருவரும் கயிற்றைப் பிடித்தோம். குழிக்கு அருகில் போனதும் அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அறைந்தது. இரண்டு மூச்சுக்குப் பிறகு அது இல்லை. காற்று கலைத்துவிட்டது என்று நினைத்தேன்.

ஏழுமலை என்னைத் திரும்பிப் பார்த்தார். "நாத்தம் நின்னு பூட்ச்சா?"

"ஆமா."

"அப்ப இங்க நிக்காத. காத்து வர்ற பக்கம் போ. இப்பவே போமா. அது போவல, உன் மூக்குதான் பூட்ச்சு."

கயிற்றை விடாமல் காற்று வரும் பக்கமாகச் சுற்றி நகர்ந்து இழுத்தோம். பாபு மேலே வந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. கண்கள் பாதி திறந்திருந்தன, எதையும் பார்க்கவில்லை. நெடுந்தூரம் இழுத்துக்கொண்டு போய்க் கிடத்தினோம். ஜெபமணி நெஞ்சை அழுத்தினார். எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு பாபு ஒரு முறை இழுத்து மூச்சு வாங்கி, புரண்டு, வாந்தி எடுத்தார். அதைப் பார்த்ததும் ஏழுமலை கீழே உட்கார்ந்துவிட்டார்.

ஆம்புலன்ஸ் வந்து பாபுவையும் அந்த இளைஞரையும் ஏற்றிக்கொண்டு போனது. ஏழுமலை எழுந்து அறைக்குள் போனார். நானும் போனேன். அவர் திரையையே பார்த்தார்.

"இன்னும் மூணு புள்ளி ரெண்டுதான் காட்டுது பாரு," என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீயா நிறுத்தன?"

நான் வடசென்னைப் புளியந்தோப்பில் பிறந்தவள். வீட்டில் பேசிய பேச்சை அலுவலகத்தில் பேசுவதில்லை என்று பிடிவாதமாக இருந்தவள். அன்று வாயில் வேறு மொழி வரவில்லை. "ஆமாண்ணா. நான்தான் நிறுத்திட்டேன். இங்க யாரும் இல்லன்னு நென்ச்சுட்டேன்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தணிகாசலம் எறங்கனப்ப மேல கவுறு புடிச்சிகினு நின்னது நான்தான். கீழ இன்னா கீதுன்னு எனக்கு எப்டித் தெரியும்? நாத்தம் இல்ல, எறங்கலாம்னு நான்தான் சொன்னேன். அவுரு போன அப்பால உன்ன மாரி ஒருத்தரு வந்துகினு இருந்தாரு, கம்ப்யூட்டரு பாக்க. அவராண்ட கேட்டேன். சார், பொம்மலாம் வாணாம், ஒரே ஒரு நம்பரு காட்டு போதும்னு. எங்கயோ கெடந்த டிவி பொட்டிய எட்த்தாந்து வெச்சு ஒயரு இழுத்துக் குட்த்தாரு. யாராண்டயும் சொல்லாதன்னாரு. நானும் சொல்லல."

"அது நின்னது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"புள்ளிக்கு அப்பால கீற கடைசி நம்பரு ஒரு இடத்துல நிக்காதுமா. ரெண்டாவும், ஒண்ணாவும், திரும்பி ரெண்டாவும். மூச்சு வுடற மாரி. நாலு வர்சமா அத்தயே பாத்துகினு கீறேன். இன்னிக்கு ரெண்டுலயே நின்னுச்சு. எண்ணிகினே இருந்தேன். இருவது எண்ணியும் மாறல. அப்பால மேல வாங்கன்னு கவுற இழுத்துக் காட்னேன். ஒருத்தன் வந்தான். பாபு வர்ல."

இன்டர்காமில் அவர் பேசியது அதுவே முதல் தடவை. அந்த அறையில் அவர் இருப்பதே யாருக்கும் தெரியக்கூடாது என்பதால் அதுவரை அதைத் தொட்டதில்லை.

கணினியில் உட்கார்ந்து அந்த நேரத்துப் பதிவைத் தேடிப் பார்த்தேன். குழியின் எண்ணைப் படித்து அந்த எழுத்துத் திரையில் எழுத, பழைய பொறியாளர் வைத்திருந்த சின்ன நிரல் என் கட்டளையோடு சேர்ந்து செத்திருந்தது. அதற்குப் பிறகு கோப்பில் எதுவும் இல்லை. குழியில் வாயு எவ்வளவு ஏறியது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மூன்று புள்ளி இரண்டுக்குக் கீழே வெற்றிடம்.

முன்னால் இருந்த பொறியாளரைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். அவர் செய்தது நல்ல காரியம். அனுமதி கேட்டிருந்தால் கிடைத்திருக்காது, அதுவும் நிஜம். ஆனால் டேப்பில் 'எடுக்காதே' என்று மட்டும் எழுதிவிட்டுப் போனார். இன்னும் மூன்று சொற்களுக்கு அதில் இடம் இருந்தது. 'குழிக்காரர்கள் இதைப் பார்க்கிறார்கள்' என்று எழுதியிருந்தால் நான் எண்டரைத் தட்டியிருக்க மாட்டேன். இப்படிச் சொல்வதால் என் குற்றம் குறைந்துவிடாது. எனக்கு எண் சொல்லியது, கம்பி சொல்லியது, டேப் சொல்லியது. மூன்றையும் பார்த்துவிட்டு, யாரும் இல்லை என்று சொன்ன வாயை நம்பினேன். அதில் ஒரு வாய் என்னுடையது.

மறுநாள் மேலாளர் கூப்பிட்டார். அறிக்கையில் கம்பி பழுது என்று எழுதச் சொன்னார். அனுமதி இல்லாத மானிட்டரை அகற்றிவிடவும் சொன்னார். நடந்ததை நடந்தபடி எழுதி, என் பெயரையும் போட்டுக் கொடுத்தேன். வரைபடத்தில் அடிக்கப்பட்டிருந்த அறையைத் திரும்பவும் வரைந்து, கம்பியையும் வரைந்து, பக்கத்தில் 'பார்ப்பவர்: ஏழுமலை' என்று எழுதினேன்.

"அந்த ஆள் நம்ம லிஸ்ட்லயே இல்லையேம்மா," என்றார் மேலாளர்.

"உக்காந்திருக்காரே சார்."

ஜெபமணி அதுவரை கதவோரம் நின்றிருந்தார். அவரும் பேசினார். "குழி நம்பர் பெரிய திரையிலயும் வரணும் சார். அது வராம நான் சீட்ல உக்கார மாட்டேன்." அதிகம் பேசாதவர் சொன்னதால் அது எடுபட்டது. எண் பெரிய திரைக்கு வந்தது. மானிட்டரும் அறையில் தங்கியது. என்னை அந்த வளாகத்திலிருந்து மாற்றிவிடலாமா என்று எங்கள் அலுவலகத்தில் இரண்டு நாள் பேசினார்கள். பிறகு எங்கள் முதலாளி, "உடைச்சவளே ஒட்டட்டும்," என்று சொல்லிவிட்டார்.

ஒட்டுவதற்கு ஒரு மாதம் கழித்துப் போனேன். அவசரத்துக்குப் பழைய டிரைவரையே திரும்பப் போட்டு வைத்திருந்தோம். இரண்டு மானிட்டர்களையும் தாங்கும் புதியதை இம்முறை அலுவலகத்தில் இரண்டு மானிட்டர் வைத்தே சோதித்திருந்தேன். கட்டுப்பாட்டு அறையில் உட்காரவில்லை. மடிக்கணினியை எடுத்துக்கொண்டு, கம்பியோடு கம்பியாக நடந்து பழைய பம்ப் அறைக்குப் போனேன். ஏழுமலை நாற்காலியில் இருந்தார். திரையில் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டிருந்தது. ஜெபமணியிடம் சொல்லிப் பெரிய திரையை நிறுத்திவிட்டுப் பட்டியலை எடுத்தேன். டிரைவருக்கு நேரே ஒன்று. பெயர் காலி.

"எடுக்கட்டுமாண்ணா?"

"இரு."

வெளியே போனார். குழிக்கு அப்பால், குழாயின் நிழலில், மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாபுவும் இருந்தார். மருத்துவமனையிலிருந்து வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஏழுமலை ஒவ்வொருவர் தோளையும் தொட்டார். எதிரில்தானே இருக்கிறார்கள், பார்த்தால் போதாதா என்று எனக்குத் தோன்றவில்லை. குழியின் இரும்பு மூடியை இழுத்துப் போட்டு, அதன்மேல் கயிற்றுச் சுருளை வைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"இப்ப எடு."

எழுத்துத் திரையை அந்த மானிட்டரிலிருந்து வேறிடத்துக்கு மாற்றினேன். பட்டியலில் அந்த ஒன்று பூஜ்யமானது. அதைப் பார்த்த பிறகே டிரைவரை இறக்கச் சொன்னேன். எந்த வலுக்கட்டாயமும் இல்லாமல் இறங்கியது. மானிட்டருக்குப் போகும் படத்தையும் முழுவதுமாக நிறுத்தினேன். பழைய எண் எதுவும் அதில் தங்கக் கூடாது. திரை அணைந்தது. கறுத்த கண்ணாடியில் அவர் முகமும் பின்னால் என் முகமும் தெரிந்தன.

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"பத்து நிமிஷம். நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்கண்ணா."

"வாணாம். நான் இங்கயே கீறேன்."

இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்தார். ஒன்றுமே இல்லாத கண்ணாடியை ஒருவர் அப்படிப் பார்த்து நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. நான் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து வெளியிலிருந்து பாபு குரல் கொடுத்தார்.

"அண்ணே, ஆச்சா?"

ஏழுமலை தலையைத் திருப்பவில்லை.

"இன்னும் இல்ல. ஒருத்தனும் எழுந்திரிக்காத."